கடலோர வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கொசுவலை: எது தாங்கும்?

அனைவருக்கும் வணக்கம். வீடு தங்கச்சிமடத்தில், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. முன் தாழ்வாரம் 14 அடி நீளம், 8 அடி அகலம். சாயங்காலமானால் அம்மா அங்கேதான் உட்காருவார், கொசு விடுவதில்லை. அவருக்காக மூன்று பக்கமும் வலை அடைக்க வேண்டும்.

முன்பு ஜன்னலுக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை அடித்தோம். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. விரல் பட்டாலே துருப்பொடி உதிர்கிறது, கம்பி அப்பளம் போல நொறுங்குகிறது. உப்புக்காற்று அப்படி. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாகத் துரு வரும்; மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம்தான் கடலோரத்துக்கு ஏற்றது. ஆனால் மூன்று பக்கத்துக்கும் அதைப் போட என்னால் முடியாது. ஃபைபர் வலை துருப்பிடிக்காது, சரி. ஆடி மாதக் கச்சான் காற்று மணலோடு அடிக்கும்போது பிய்ந்துவிடாதா?

அப்புறம் வலையை மாட்டும் சட்டம் (ஃபிரேம்). அலுமினியமா, வைரம் பாய்ந்த பனையா? எனக்குப் பனைமேல்தான் மனசு. தாத்தா காலத்துப் பனங்கைகள் இன்னும் கூரையைத் தாங்குகின்றன, ஆணி அடித்தால் ஆணிதான் வளைகிறது.

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் வலை அடைத்தவர்கள், போட்டு எத்தனை வருடம் ஆகிறது, இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். படம் இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.