ஹோண்டுராஸ் நஸ்ரால்லா: இந்த டிவிக்காரரு கடைசில எந்தக் கட்சிதான்?

பாலக்கோட்டான்:
வணக்கம் மக்களே. காலைல தக்காளி மண்டி பக்கத்து டீக்கடைல வழக்கமான சண்டை, திரையில வந்தவன் அரசியல்ல தேறுவானா மாட்டானான்னு. எங்க சித்தப்பா திடீர்னு, "மத்திய அமெரிக்கால ஹோண்டுராஸ்னு ஒரு நாடு, அங்க டிவில கேம் ஷோ நடத்துனவரு ஜனாதிபதி ஆகிட்டாருடா"ன்னு ஒரு குண்டத் தூக்கிப் போட்டாரு. நான் போன்ல தேடிப் பாத்தா சால்வடோர் நஸ்ரால்லான்னு வருது, ஆனா ஒரு எடத்துல எதிர்க்கட்சின்றான், ஒரு எடத்துல துணை ஜனாதிபதின்றான், இன்னொரு எடத்துல தோத்துட்டாருன்றான், தலையே சுத்துது. யாராவது தெளிவா சொல்லுங்க, சாயங்காலம் சித்தப்பா மறுபடி வருவாரு.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
ப்ரோ நீங்க படிச்ச மூணுமே உண்மை, சித்தப்பா சொன்னதுதான் தப்பு. 1953ல பொறந்தவரு, படிப்பு இன்ஜினியரிங், ஆனா ஊருக்குத் தெரிஞ்சது ஸ்போர்ட்ஸ் கமெண்டேட்டரா, ஞாயித்துக்கிழமை கேம் ஷோக்காரரா. பல வருஷம் வீட்டுக்கு வீடு தெரிஞ்ச மூஞ்சி. அங்க லிபரல், நேஷனல்னு ரெண்டு பழைய கட்சி, நூறு வருஷத்துக்கும் மேல மாத்தி மாத்தி ஆண்டுட்டு இருந்தாங்க. இவரு 2011ல ஊழல் எதிர்ப்புக் கட்சின்னே பேரு வச்சு ஆரம்பிச்சாரு. 2013ல நின்னு நாலாவது எடம், 13 சதவீதம் கிட்ட ஓட்டு. முதல் தடவைக்கு அது சும்மா இல்ல.

அப்புறம் நடந்ததுதான் காமெடி. அவரு ஆரம்பிச்ச கட்சியவே உட்கட்சி சண்டைல இன்னொருத்தருக்குக் குடுத்துட்டாங்க. நம்மூர்ல சின்னம் முடக்குறதெல்லாம் பாத்தவங்களுக்கு இது புரியும் 😄. கட்சி இல்லாம 2017ல செலாயா ஆளுங்களோட கூட்டணி போட்டு நின்னாரு. செலாயாங்கறது முன்னாள் ஜனாதிபதி, 2009ல ராணுவம் விடியக்காலைல பைஜாமாவோட தூக்கி விமானத்துல ஏத்தி கோஸ்டாரிகால எறக்கி விட்டுச்சே, அவரேதான். மறுபடி ஜனாதிபதி ஆக சட்டத்த மாத்தப் பாக்குறாருன்னு சொல்லித்தான் அவரத் தூக்குனாங்க, ஆனா ஒரு தடவ இருந்தவரு மறுபடி ஜனாதிபதி ஆகக் கூடாதுன்ற அந்தத் தடைய 2015ல கோர்ட்டே எடுத்துருச்சு, 2017ல அப்ப ஜனாதிபதியா இருந்த ஆளுங்கட்சி ஹெர்னாண்டஸ் ரெண்டாவது தடவ நின்னாரு. நியாயத்தப் பாருங்க.

காவேரிப்பட்டணம்காரன்:
மேல இருக்கவரு அந்த 2017 எண்ணிக்கைய விட்டுட்டாரு, அதுதான் மெயின் மேட்டரு. நான் 2021ல கிருஷ்ணகிரி தொகுதில கவுண்டிங் ஏஜெண்டா உக்காந்தவன். கொரோனா நெகட்டிவ் சர்டிபிகேட்ட காட்டி உள்ள போனோம், மாஸ்க்குக்குள்ள வேர்த்து ஊத்துது, ஒவ்வொரு ரவுண்டுக்கும் லீடிங் மாறுது, கைல 17சி ஃபாரம் (பூத்துல மொத்தம் எத்தன ஓட்டு பதிவாச்சுன்னு எழுதித் தர்றது) நகல வச்சிட்டு மெஷின்ல காட்டுற மொத்தமும் அதுல இருக்குற மொத்தமும் ஒத்துப்போகுதான்னு ஒவ்வொன்னா டிக் அடிக்கணும், கண்ணு எரியும், ஒரு எண்ணு தவறவிட்டா போச்சு. கடைசில 794 ஓட்டு வித்தியாசம். எந்தக் கட்சிக்கு உக்காந்தேன்னு கேக்காதீங்க.

ஹோண்டுராஸ்ல மெஷின் கெடயாது, பேப்பர் ஓட்டு. பூத்துலயே எண்ணி 'ஆக்டா'ன்னு ஒரு தாள்ல எழுதி கட்சி ஆளுங்க கையெழுத்து போட்டு, அத ஸ்கேன் பண்ணி தலைநகருக்கு அனுப்புவாங்க. 2017ல 57 சதவீதம் எண்ணுனப்ப நஸ்ரால்லா கிட்டத்தட்ட 5 புள்ளி முன்னாடி. அப்புறம் ரிசல்ட் வர்றது ஆமை வேகம், நடுவுல கம்ப்யூட்டர் படுத்துருச்சு, எழுந்தப்போ லீடிங் தேஞ்சு போயி ஹெர்னாண்டஸ் 1.5 சதவீதத்துல ஜெயிச்சதா அறிவிச்சாங்க. அமெரிக்க நாடுகள் அமைப்பே மறுதேர்தல் வைங்கன்னு சொன்னாங்க, அமெரிக்கா ஹெர்னாண்டஸ ஏத்துக்கிச்சு, கத முடிஞ்சது. தெருவுல இறங்கினதுல 20 பேருக்கு மேல செத்தாங்க. என் எண்ணம் என்னன்னா மூஞ்சி எத்தன பிரபலமா இருந்தாலும் எல்லா பூத்துலயும் நம்மாளு உக்காந்து அந்தத் தாள கைல வாங்கி வச்சிருக்கணும், டிவில மார்க்கெட் இருக்கறவருக்கு அந்த ஆளு படைய யாராச்சும் கடனாத்தான் குடுக்கணும், அதான் அவரு வீடு மாறிக்கிட்டே இருந்தாரு.

மாங்கூழ்_அக்கா:
தம்பி மீதிய நான் சொல்றேன். 2017 கூட்டணில இவரு ஜனாதிபதி வேட்பாளரு, துணை ஜனாதிபதிக்கு நின்னது செலாயா வீட்டம்மா சியோமாரா காஸ்ட்ரோ. 2021ல அப்படியே நாற்காலி மாறுச்சு, இவரு புதுசா ஆரம்பிச்ச கட்சிக்கு "ஹோண்டுராஸின் சால்வடோர்"னு பேரு, சால்வடோர்னா ஸ்பானிஷ்ல இரட்சகர், தன் பேரையே கட்சி பேராக்கிட்டாரு, நம்மாளுங்களுக்கு இது கூடத் தோணல 😂. தேர்தலுக்கு ஒன்னரை மாசம் முன்னாடி விலகி அந்தம்மாவுக்கு ஆதரவு குடுத்து, அவங்க ஜெயிச்சதும் துணை ஜனாதிபதி. பதவியேற்கறதுக்கு முன்னாடியே சபாநாயகர் பதவிக்கு பாராளுமன்றத்துல கைகலப்பு. அப்புறம் எனக்கு வேலையே குடுக்கலன்னு பொலம்பிட்டு 2024ல ராஜினாமா, நேரா லிபரல் கட்சிக்குப் போயிட்டாரு, எந்தப் பழைய கட்சிய திட்டி உள்ள வந்தாரோ அதே தான்.

2025 நவம்பர் 30ல அதுல நின்னாரு. எதிர்ல நேஷனல் கட்சி அஸ்ஃபுரா, ரெண்டு பேருமே அரபு வம்சாவளி. ட்ரம்ப் அஸ்ஃபுராவுக்கு ஓட்டு போடுங்கன்னாரு, அதோட போதைக் கடத்தல் கேஸ்ல நியூயார்க்ல 45 வருஷ தண்டனை வாங்குன பழைய ஹெர்னாண்டஸுக்கு மன்னிப்பும் குடுத்தாரு. எண்ணும்போது ஒரு கட்டத்துல ரெண்டு பேருக்கும் வித்தியாசம் வெறும் 515 ஓட்டு, ஒரு நாடு முழுக்க! காவேரிப்பட்டணம் தம்பி, உங்க 794ஐ விட கம்மி. மறுபடி சிஸ்டம் நின்னு நின்னு ஓடி, டிசம்பர் 24ல அஸ்ஃபுரா ஜெயிச்சதா அறிவிச்சாங்க, ஒரு சதவீதம் கூட வித்தியாசம் இல்ல. அங்கயும் நம்மூர் மாதிரி ஒரே சுத்து தான், 40 சதவீதம் வாங்குனாலும் முதல்ல வந்தவருக்கே நாற்காலி.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றிங்க அக்கா, ண்ணா. சித்தப்பாகிட்ட முழுசா படிச்சுக் காட்டினேன். 515ன்னதும் கண்ணாடிய கழட்டித் தொடச்சாரு, "அப்ப நான் சொன்னது முக்காவாசி சரிதானடா"ன்னு எழுந்து போயிட்டாரு. டீ காசு என் தலைல.