பனி இறங்கும் மாலையில் மட்டும் நின்றுபோகும் எம்.ஜி.பி: இக்னிஷன் சுவிட்சை வீட்டிலேயே கழற்றலாமா?

தலவாக்கலைக் கடைக்காரன்

என்னிடம் இருப்பது 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மேலே மடக்குகிற துணிக்கூரை. அப்பா ஒரு தோட்டத் துரையிடம் டிரைவராக இருந்தார். 1975இல் கம்பனித் தோட்டங்களை இலங்கை அரசு எடுத்துக்கொண்டபோது, ஊருக்குத் திரும்பிய துரை இதன் சாவியை அப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் இந்தக் கார் நின்றபோது பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்களாம். பெற்றோல் போட வழியில்லாமல் அது பெரும்பாலும் நின்றுகொண்டேதான் இருந்தது என்பது வேறு கதை.

இப்போது சிக்கல் இதுதான். வெயில் நேரத்தில் ஹட்டன் வரை போய்வந்தாலும் ஒரு குறையும் இல்லை. மாலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், கால் மணி நேரத்தில் எஞ்சின் பட்டென்று அணைந்துவிடுகிறது. இருமல் இல்லை, திணறல் இல்லை. பத்து நிமிடம் ஓரங்கட்டி நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. போன வாரம் லிந்துலையைத் தாண்டி நானுஓயா ஏற்றத்தில் நின்றபோது பின்னால் வந்த பஸ் என் பம்பரை முத்தமிடாதது முருகன் அருள்.

கராஜ் பாஸ் "ஈரம் தம்பி, ஈரம்" என்று சொல்லி டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர்கள், பொயின்ட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். காசு போனது, நோய் போகவில்லை. சாவியை ஆட்டினால் சிலநேரம் டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு மினுங்குவதால் எனக்குச் சுவிட்ச் மேல் சந்தேகம். டேஷ்போர்டிலேயே இருக்கிற பழைய வகைச் சுவிட்ச். நானே கழற்றலாமா?

பண்டாரவளைப் பையன்

அண்ணே, சாவித் துவாரத்துக்குள் எண்ணெய் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். என் மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் மருந்து.

பழைய பிட்டர்

எண்ணெய் வேண்டவே வேண்டாம். சாவி நுழைகிற பூட்டு வேறு, அதன் முதுகில் மின்சாரத்தைத் திறந்து மூடுகிற பகுதி வேறு. எண்ணெய் பூட்டில் தூசியைச் சேர்க்கும். தொடுமுனையில் எரிந்து கரியாகும். பூட்டு இறுக்கமாக இருந்தால் பென்சில் கரியைச் சீவிப் போடுங்கள், போதும்.

கடைக்காரத் தம்பி, முப்பத்திரண்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டாரும் சுவிட்சும் பார்த்தவன் நான். கழற்றுவதற்கு முன் மூன்று கேள்வி. எஞ்சின் அணைகிற அதே நொடியில் எஞ்சின் வேகம் காட்டுகிற ஆர்.பி.எம். முள் பூஜ்யத்துக்கு விழுகிறதா? அப்போது ஹெட்லைட்டும் ஹோர்னும் வேலை செய்கின்றனவா? பனிமூட்டத்தில் மட்டும் நீங்கள் போடுகிற வேறு ஏதாவது இருக்கிறதா?

தலவாக்கலைக் கடைக்காரன்

முள் செத்த பாம்பு மாதிரி விழுகிறது, ஐயா. ஹெட்லைட் எரிகிறது, ஹோர்னும் அடிக்கிறது. பனியில் இரண்டு மஞ்சள் விளக்கு போடுவேன். எண்பதுகளில் அப்பா தன் கையாலேயே பொருத்தியவை, ஆளுக்கு 55 வோட்ஸ். எஞ்சின் அணையும்போது அவையும் அணைந்துவிடும்.

பழைய பிட்டர்

ஈரம் இல்லை, தம்பி. குற்றவாளி பனி இல்லை. பனிக்காகப் போட்ட விளக்கு.

உங்கள் வண்டியில் கபில நிற வயர் பற்றரியிலிருந்து நேராக வருவது. ஹெட்லைட்டும் ஹோர்னும் அதிலிருந்து உண்பவை, சாவியைக் கேட்பதில்லை. சுவிட்சைத் தாண்டி வெளியே போவது வெள்ளை வயர். பிளக்கில் பொறி எழுப்புகிற கொயில், பின்னால் டிக் டிக் என்று தட்டுகிற பெற்றோல் பம்ப், வைப்பர், பிரேக் விளக்கு எல்லாம் அந்த வெள்ளையின் பிள்ளைகள். சிவப்புக் கோடு போட்ட வெள்ளை ஸ்டார்ட்டருக்குப் போவது. அப்பா மஞ்சள் விளக்குகளையும் வெள்ளையில்தான் கோர்த்திருப்பார். இரண்டு விளக்குக்கு 110 வோட்ஸ், அதாவது 9 அம்பியருக்கு மேல். தேய்ந்த தொடுமுனை அவ்வளவு சுமையைத் தாங்காது; சூடாகும், விரியும், விட்டுவிடும். ஆறினால் மறுபடி ஒட்டும். உங்கள் பத்து நிமிடக் கணக்கு அதுதான்.

இன்னொன்று. அந்த நேரத்தில் பிரேக் விளக்கும் எரியாது. பஸ்காரருக்கு நீங்கள் நிற்பதே தெரிந்திருக்காது. சரிசெய்யும் வரை பனியில் வண்டியை எடுக்காதீர்கள்.

மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, அதன் ஒரு முனையைச் சுவிட்சின் கபில முனையிலும் மற்றதை வெள்ளை முனையிலும் வைத்து, சாவியை ஒன் செய்து பாருங்கள். நல்ல சுவிட்சில் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும். பிறகு மஞ்சள் விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டே பாருங்கள். ஓடாமல் சாவியை ஒன்னில் விட்டால் கொயில் சூடாகும்.

தலவாக்கலைக் கடைக்காரன்

கடையைப் பூட்டிவிட்டு இப்போதுதான் பார்த்தேன். விளக்கு இல்லாமல் 0.3 வோல்ட். விளக்கோடு 0.9இல் தொடங்கி 1.4 வரை ஏறியது. சுவிட்சின் முதுகைத் தொட்டேன், விரலை எடுத்துவிட்டேன்.

பழைய பிட்டர்

கொயிலையும் சேர்த்து 13 அம்பியர் என்று வையுங்கள். 1.4 வோல்ட்டால் பெருக்கினால் 18 வோட்ஸ். ஒரு சிறிய பற்றவைக்கும் அயனை டேஷ்போர்டுக்குள் சொருகி வைத்திருக்கிறீர்கள்.

இனிக் கழற்றுங்கள். முதலில் பற்றரி. இருக்கைக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பற்றரி தொடராக இருக்கும். கபில வயருக்குப் பியூஸ் கிடையாது. ஸ்பேனர் பட்டால் வயர்க்கட்டே எரிந்துவிடும். எர்த் முனையை, அதாவது வண்டியின் பாடியில் இணைந்த முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கவனம்: 1966 வண்டி பாசிட்டிவ் எர்த்தோடு வந்தது. நெகட்டிவுக்கு மாறியது 1967 கடைசியில். யாராவது இடையில் மாற்றியிருக்கலாம், ஆகவே நம்பாதீர்கள்; எந்த முனை பாடியில் இறுகியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

பிறகு வயர்களைப் படம் எடுத்துக்கொண்டு உருவுங்கள். முன்பக்க வளைய நட்டைக் கழற்றினால் சுவிட்ச் பின்பக்கமாக வந்துவிடும். புதிய சுவிட்ச் கிடைத்தால் மாற்றுவதே நல்லது. ஆனால் எதைப் போட்டாலும் மஞ்சள் விளக்குக்கு ரிலே வேண்டும்; சிறிய மின்சாரத்தால் பெரிய சுமையைத் திறந்து மூடுகிற சுவிட்ச் அது. கபிலத்திலிருந்து 15 அம்பியர் பியூஸ் வழியாக ரிலேக்கு மின்சாரம். பழைய விளக்குச் சுவிட்ச் ரிலேயைத் தூண்டினால் போதும். உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) வைத்த ரிலேயை மட்டும் பாசிட்டிவ் எர்த் வண்டியில் அப்படியே மாட்டக் கூடாது.

நுவரெலியாப் பார்வையாளன்

ஒரு சாவிக்கொத்துக் கேள்வி: அந்தச் சாவியோடு இன்னும் எத்தனை சாவி தொங்குகின்றன? கொத்தின் கனம் சுவிட்சை ஆட்டித் தேய்க்கும். ஏப்ரலில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கு வருகிற பழைய கார்க்காரர்கள் சாவியைத் தனியாக ஒற்றை நூலில்தான் வைத்திருப்பார்கள்.

தலவாக்கலைக் கடைக்காரன்

பதினொன்று. கடை ஷட்டர் சாவி இரண்டும் அதில் சேர்த்தி. பிரித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். என் வண்டி இன்னும் பாசிட்டிவ் எர்த்தான்; ஐயா சொல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் தவறான முனையைத்தான் முதலில் கழற்றியிருப்பேன். சுவிட்சை வெளியே எடுத்தபோது வெள்ளை வயரின் உறை ஒரு அங்குல நீளத்துக்குத் தேநீர் நிறத்தில் பொரிந்திருந்தது, முனைத்தகடு நீலம் பூத்திருந்தது. அதே முனையில் இன்னொரு வயரை முறுக்கி, கறுப்புத் துணி நாடா சுற்றி, மேலே தையல் நூலால் கட்டியிருந்தார் அப்பா. அந்தக் கட்டை அவிழ்க்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. நாற்பது வருடம் குலுங்கியும் தளராத கட்டு.

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் பெட்டி பெட்டியாகத் தேடி ஒரு மூன்று முனைச் சுவிட்ச் பிடித்தேன். வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புது முனை போட்டேன். ரிலேயும் மாட்டியாயிற்று. இப்போது விளக்கோடும் மீட்டர் 0.1தான் காட்டுகிறது. ஞாயிறு மாலை நல்ல பனியில் மஞ்சள் விளக்கு இரண்டும் எரிய நானுஓயா போய்த் திரும்பினேன். ஒன்றரை மணி நேரம், ஒருமுறைகூட அணையவில்லை.

திரும்பும்போது வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன். பிட்டர் ஐயா ஊரில்தானே இருக்கிறீர்கள்?