கூட்டாக எழுதிய ஆவணத்தில் ஒருவர் பெயர் மட்டுமே தெரிகிறது: உடனே உதவுங்கள்

காரைக்குடி மாணவி:
வணக்கம். முதுகலை வரலாற்று வகுப்பில் நாங்கள் ஆறு பேர் செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி மூன்று வாரமாக ஒரே இணைய ஆவணத்தில் எழுதி வந்தோம். இன்று திறந்து பார்த்தால் முழுவதையும் ஒருவரே எழுதியதாகக் காட்டுகிறது. யார் எவ்வளவு எழுதினார் என்பதைப் பார்த்துத் தனித்தனியாக மதிப்பெண் தருவதாகப் பேராசிரியர் கூறியிருக்கிறார். நாளை மாலை ஒப்படைக்க வேண்டும். என்ன செய்வது?

பள்ளத்தூர்க்காரர்:
எந்த மென்பொருள் என்று சொல்லவில்லையே, தங்கையே. கூகுள் டாக்ஸா, வேர்டா, கல்லூரியின் மூடில் தளமா? கைப்பேசியில் பார்க்கிறீர்களா, கணினியிலா? அந்த ஒருவர் யார்?

கோட்டையூர் வாசகர்:
பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றி ஒட்டியிருப்பீர்கள். தமிழ் ஆவணங்களில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. எல்லோரும் தமிழ்99 விசைப்பலகையில் நேரடியாக எழுதப் பழகுங்கள்.

செக்காலை கணினியர்:
எழுத்துருவை மாற்றினால் எழுத்து சிதையுமே தவிர, எழுதியவர் பெயர் மாறாது. ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஒட்டினால், ஒட்டியவர் பெயரே பதிவாகும். இதை இங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன். யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் பதிப்பு வரலாறு என்ற வசதியைத் திறந்துகூடப் பார்க்காமல் உதவி கேட்க வருவது முதுகலை மாணவர்களுக்கு அழகன்று.

காரைக்குடி மாணவி:
மன்னிக்கவும், பதற்றத்தில் விவரம் எழுதாமல் விட்டுவிட்டேன். கூகுள் டாக்ஸ்தான், கணினியில்தான் பார்க்கிறேன். நான் கூறுவதும் பதிப்பு வரலாற்றைத்தான், ஐயா. அதில் எங்கள் குழுத்தலைவியின் பெயர் மட்டுமே இருக்கிறது. அவரவர் கணக்கில் நுழைந்துதான் எழுதினோம், யாரும் ஒட்டவில்லை. இன்னொரு தோழியை நினைத்தால்தான் மிகவும் கவலையாக இருக்கிறது. ஆவணத்தில் அவள் எழுதியது பதினொரு வரிதான். ஆனால் பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவதையும், அச்சைத் தூக்கிய பிறகு மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புவதையும், நீரில் ஊறிய கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரிப்பதையும் பார்த்து, கேட்டு, ஒலிப்பதிவு செய்து வந்தவள் அவள்தான்.

புதுவயல் நண்பர்:
கோப்பின் தலைப்பு ‘காப்பி ஆஃப்’ என்று தொடங்குகிறதா, பாருங்கள். நகல் எடுத்தால் எழுத்து மட்டுமே புதிய கோப்புக்கு வரும், பழைய வரலாறு வராது; நகல் எடுத்தவர் பெயரிலேயே எல்லாம் தொடங்கும். வேர்டு கோப்பாக இறக்கி மறுபடி ஏற்றினாலும் இதே நிலைதான். தலைவியிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். அதை நீக்கியிருந்தாலும் அவருடைய டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை இருக்கும். இன்னொன்று: பார்வையிடும் உரிமை மட்டும் உள்ளவருக்கு வரலாறு தெரியாது என்பதால், பேராசிரியருக்குத் திருத்தும் உரிமையோடு இணைப்பு அனுப்புங்கள்.

செக்காலை கணினியர்:
மூலக் கோப்பு கிடைத்தாலும் பதினொரு வரிக்குப் பதினொரு வரி மதிப்பெண்தான். வரலாற்றில் பதிவானதே சான்று. அதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது.

தேவகோட்டை விரிவுரையாளர்:
இதை நான் ஏற்கவில்லை. எழுத்தை எண்ணி மதிப்பெண் இட்டால், பிறர் எழுதியதைச் சுருக்கிச் செம்மை செய்த மாணவருக்கும் களத்தில் அலைந்தவருக்கும் எதுவும் மிஞ்சாது. எல்லோரும் பக்கத்தை நிரப்பவே முனைவார்கள். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் உருவாக்கிய ‘ஜிக்சா’ முறையில், பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் துண்டைக் கற்றுக் குழுவில் மற்றவர்களுக்குக் கற்பிப்பார்கள். தேர்வோ முழுப் பாடத்திலும் தனித்தனியாக நடக்கும். இணையக் கருவி வந்தபின் பதிப்பு வரலாறு நம் கைக்கு எளிதாகக் கிடைப்பதால், அதையே கற்றலின் அளவாக எடுத்துக்கொள்கிறோம். யார் எந்த வேலையைச் செய்தார் என்று ஒரு பக்கம் எழுதி, ஆறு பேரும் கையொப்பமிட்டு இணையுங்கள், அம்மா.

செக்காலை கணினியர்:
அப்படி எழுதச் சொன்னால், நட்புக்காக எல்லோரும் சமமாக உழைத்தோம் என்றே எழுதித் தருவார்கள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேவகோட்டை விரிவுரையாளர்:
உண்மைதான், அதனால்தான் நான் அந்தப் பக்கத்தோடு நிறுத்துவதில்லை. ஒருவர் எழுதிய பகுதியை மற்றொருவரை விளக்கச் சொல்லிப் பத்து நிமிடம் கேட்பேன். சேர்ந்து கற்றவர்கள் தடுமாறினாலும் விளக்கிவிடுகிறார்கள். பிரித்து எழுதி ஒட்டியவர்களால் முடிவதில்லை. அறுபது பேர் கொண்ட வகுப்பில் இதற்கு ஒரு வாரம் பிடிக்கிறது, இருந்தாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கோட்டையூர் வாசகர்:
எழுத்துருவையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

காரைக்குடி மாணவி:
கிடைத்துவிட்டது. இரண்டு கோப்பு இருந்தால் குழப்பம் என்று தலைவி நான்கு நாள் முன்பு மூலத்தை நீக்கியிருந்தார். குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டதும் ஆறு பெயர்களும் தெரிந்தன. கடைசி நான்கு நாள் திருத்தங்கள் நகலில் இருப்பதால் இரண்டு கோப்பையும் அனுப்பிவிட்டோம். வேலைப் பகிர்வுப் பக்கத்தையும் தோழியின் ஒலிப்பதிவையும் சேர்த்திருக்கிறோம். புதுவயல் அண்ணனுக்கும் விரிவுரையாளர் ஐயாவுக்கும் மிக்க நன்றி.