மகன் ‘கன்கஸ் ஆகிவிட்டேன்’ என்கிறான். என்ன பொருள்?

ஈசூன் அம்மா:
வணக்கம். என் மகன் சிங்கப்பூரின் தேக்கோங் தீவில் தேசிய சேவைக்கான ராணுவப் பயிற்சியில் இருக்கிறான். நேற்று 24 கிலோமீட்டர் நடை. இரவு முழுவதும் கைப்பேசியை எடுக்கவில்லை. காலையில் ஒரே ஒரு வரி வந்தது: “வந்ததும் கன்கஸ் ஆகிவிட்டேன் அம்மா.” ‘கன்கஸ்’ (concuss) என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்தேன். ‘பலமாகக் குலுக்கு, தலையில் அடிபட்டு மூளை கலங்கச் செய்’ என்று போட்டிருக்கிறது. அப்போதிலிருந்து கை நடுங்குகிறது. திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. அடிபட்டிருக்கிறதா, அல்லது இதற்கு வேறு பொருள் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிடோக் தம்பி:
பதறாதீர்கள் அக்கா. நான் சென்ற ஆண்டுதான் சேவையை முடித்தேன். முகாமில் எல்லாரும் சொல்வதுதான் இது. களைப்பில் படுத்தவுடன் தன்னை மறந்து தூங்கிவிட்டான், அவ்வளவுதான். நான் அந்த நடையை முடித்த அன்று காலணியைக்கூடக் கழற்றாமல் தூங்கினேன்.

தாதி, உட்லண்ட்ஸ்:
தம்பி சொல்வதாகத்தான் இருக்கும். ஆனாலும் அவன் குரலை ஒருமுறை கேட்டுவிடுங்கள். எங்கேனும் விழுந்தானா, தலை இடித்ததா, தலைவலியோ வாந்தியோ உண்டா என்று கேளுங்கள். மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள மிருதுவான உறுப்பு. மண்டைக்குள் நீரில் மிதக்கிறது. பலமான குலுக்கலில் அதன் வேலை சற்று நேரம் தடுமாறும். அகராதி சொல்லும் காயம் அதுதான். நினைவு தப்பினால்தான் அந்தக் காயம் என்பதில்லை. பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 995 எண்ணில் ஆம்புலன்சை அழையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், தோ பாயோ:
சொல்லின் வேரையும் சொல்கிறேன் அம்மா. எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் இது. லத்தீனில் ‘குவாத்தெரே’ என்றால் குலுக்குதல். முன்னால் ‘கான்’ சேர்ந்தால் ‘கான்குத்தெரே’, அதாவது அடியோடு உலுக்குதல். ஆங்கிலத்தில் இது வினைச்சொல்லாக நுழைந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். முதலில் எதை உலுக்கினாலும் இதே சொல்தான். மூளைக்கென்று ஒதுங்கியது பிற்பாடுதான்.

உடன்பிறப்புகளைப் பாருங்கள். தாளக் கருவிகளைக் குறிக்கும் ‘பர்கஷன்’ இந்த வேர்தான். விவாதிப்பதைக் குறிக்கும் ‘டிஸ்கஸ்’ என்பதும் இதுதான்: ஒன்றை உதறிப் பிரித்துப் பார்ப்பது. ‘ரெஸ்க்யூ’ என்றால் பிடியை உதறி விடுவிப்பது. ரோமானியச் சட்டத்தில் ‘கான்குஸ்ஸியோ’ என்பது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். புளியமரத்தை உலுக்குவதுபோல் ஆளை உலுக்கிக் காசு உதிர்ப்பது!

ஆங்கில இலக்கணப்படி ஒன்று மற்றொன்றை உலுக்க வேண்டும். நம் ‘குலுக்கு’ போல. நம் ஊர்ப் பிள்ளைகள் அதைக் ‘குலுங்கு’ போலத் தன்வினையாக்கி, தூக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக் கட்டுரையில் அப்படி எழுதினால் திருத்தத்தான் செய்வேன். ஆனால் அதைத் தவறான கற்பனை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ‘அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்’ என்று நாமும் சொல்கிறோமே! உங்கள் மகன் சொன்னதற்குச் சரியான தமிழ் அதுதான்.

மருத்துவக் குறிப்பாக இருந்தால் வேறு. ‘மூளை அதிர்ச்சி’ என்று பலர் எழுதுகிறார்கள். படிப்பவர் மனக்கலக்கம் என்று எண்ணிவிடுகிறார். காயம் என்பது கண்ணில் பட வேண்டும். அதனால் நான் ‘மூளை அதிர்வுக் காயம்’ என்றே எழுதுகிறேன்.

ஈசூன் அம்மா:
இப்போதுதான் பேசினான்! விழவில்லை, தலையில் ஒன்றும் இல்லை. இரண்டு குதிகாலிலும் கொப்புளம், அவ்வளவுதான். “அடித்துப் போட்டாற்போல் தூங்கினாயா?” என்று கேட்டேன். “அதைத்தானே அம்மா சொன்னேன்” என்கிறான். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

தாதி, உட்லண்ட்ஸ்:
நிம்மதி. கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.