3,000 வெள்ளிக்குள்ள டேப்லட் மிக்சர்: சவுண்ட்மேன் இல்லாத குழுவுக்கு சரிப்படுமா?

பட்டர்வொர்த்_கீபோர்டு
வணக்கம். நாங்க ஆறு பேர் மெல்லிசைக் குழு. பினாங்கு, பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கல்யாண டின்னர், பிறந்தநாள், கோயில் திருவிழான்னு வாசிக்கிறோம். சவுண்ட் வாடகை கட்டி மாளல, அதான் சொந்தமா ஒரு மிக்சர் வாங்கலாம்னு இருக்கோம். பவர்டு ஸ்பீக்கரும் நாலு மானிட்டரும் (வாசிக்கிறவங்க தங்களைக் கேட்டுக்கிற மேடை ஸ்பீக்கர்) கையில இருக்கு.

மைக்: பாட ரெண்டு, அறிவிப்பாளருக்கு ஒண்ணு, தபேலா ரெண்டு, டோலக் ரெண்டு, புல்லாங்குழல் ஒண்ணு. லைன் (மைக் இல்லாம நேரா சொருகுறது): கீபோர்டு ரெண்டு, பேட் (தட்டி வாசிக்கிற எலக்ட்ரானிக் டிரம்) ரெண்டு, பேஸ் ஒண்ணு. ஆக 13. எப்பவாவது டிராக் ஓட்ட லேப்டாப். பட்ஜெட் 3,000 வெள்ளி. ஃபேடரே (சத்தத்தை ஏத்தி இறக்குற தள்ளு குமிழ்) இல்லாம டேப்லட்லயே ஓட்டுற பெட்டி மிக்சரை நம்பி வாங்கலாமா? எங்களுக்குன்னு சவுண்ட்மேன் கிடையாது.

செந்தூல்_சவுண்ட்
யோசிக்கவே வேணாம் பாஸ், பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18. 16 மைக் பிரீஆம்ப் (மைக் சொருகுற வாய்), அதுக்கு மேல ரெண்டு லைன், மானிட்டருக்கு 6 ஆக்ஸ் (தனித்தனி கலவையை வெளிய அனுப்புற வழி). லேப்டாப்பை 17, 18-ல சொருகுங்க. பெட்டி மேடையிலேயே தபேலா பக்கத்துல உட்கார்ந்துக்கும், மல்டிகோர் (எல்லா மைக் லைனும் சேர்ந்த தடிச்ச கேபிள்) இழுக்கிற வேலையே இல்ல. டின்னர்ல சாப்பாட்டு டிராலி அந்தக் கேபிள் மேல ஏறி இறங்குறப்போ வயிறு எரிஞ்சவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

பழைய_ஃபேடர்
தம்பி எழுதுன கடைசி வரியை யாராவது படிச்சீங்களா? சவுண்ட்மேன் கிடையாது. அப்போ டேப்லட்டை யார் பிடிப்பா? கீபோர்டு வாசிக்கிற கையா?

யமஹா எம்ஜி16எக்ஸ்யூ பாருங்க. 10 மைக் வரைக்கும் போடலாம், உங்களுக்கு வேண்டியது எட்டு. பேஸ், கீபோர்டு, பேட், லேப்டாப் எல்லாம் மிச்ச ஸ்டீரியோ சேனல்ல அடங்கிடும். மைக் ஊளையிட்டா எந்த ஃபேடர்னு கை தானா போகும். டேப்லட்ல முதல்ல பூட்டைத் திறக்கணும், அப்புறம் எந்தப் பக்கத்துல நிக்கிறோம்னு பார்க்கணும். மூணாவது மானிட்டருக்கு சத்தம் அனுப்புற பக்கத்துல நின்னுகிட்டு, மெயின்னு நினைச்சு பாடகரோட ஃபேடரை இழுத்து இழுத்துப் பார்த்த பசங்களை நான் பார்த்திருக்கேன். ஹாலுக்குள்ள ஊளை நிக்கவே இல்ல. பாவம் அந்த டோலக்காரர், அவர் மானிட்டர்ல பாட்டுச் சத்தமே காணாமப் போச்சு.

செந்தூல்_சவுண்ட்
அண்ணே, உங்க எம்ஜி16-ல ஆக்ஸ் மொத்தமே 4, அதுல ஒண்ணு எஃபெக்ட்டுக்கு. பாட்டுக்கு ரிவெர்ப் (எதிரொலி) வேணும்னா மானிட்டருக்கு மிஞ்சுறது 3. அவர்கிட்ட நாலு மானிட்டர் இருக்கு. பாடுறவங்களும் பேஸும் ஒரே கலவையைக் கேட்கணுமா? கல்யாணம்னா வீடியோக்காரர் வந்து "அண்ணே ஒரு லைன் குடுங்க"ன்னு நிப்பாரே, அவருக்கு எங்கிருந்து குடுப்பீங்க?

இன்னொண்ணு. மிக்சர் மேசையை ஹால் நடுவுல போட எந்த டேவான்காரர் (ஹால்காரர்) விட்டிருக்கார்? மேடையோரம் ஸ்பீக்கருக்குப் பின்னாடி ஒரு மூலைதான் கிடைக்கும். அங்க நின்னு எத்தனை ஃபேடர் இருந்து என்ன பிரயோஜனம்? டேப்லட்னா கடைசி மேசை வரைக்கும் நடந்து போய் கேட்டுட்டு அங்கேயே திருத்தலாம்.

பழைய_ஃபேடர்
நடக்க ஆள் இருந்தா. அதைத்தானே கேட்கிறேன்.

ஆக்ஸ் கணக்கு சரி, அதை ஒத்துக்கிறேன். ஆனா உங்க வைஃபை கதையையும் சொல்லுங்க. கேஎல்ல ஒரு டேவான்ல நாலு மணிக்கு செக் பண்ணப்போ பையன் மாடி வரைக்கும் போய் மிக்ஸ் பண்ணான், அவ்வளவு நல்லா வேலை செஞ்சுது. பிராண்டு பேரு வேணாம். எட்டு மணிக்கு சனம் உள்ள வந்ததும் "இணைப்பு இல்லை"ன்னு திரையில சுத்துது. பொண்ணு மாப்பிள்ளை உள்ள வர்றாங்க, அறிவிப்பாளர் மைக் மியூட்ல கிடக்குது. பையன் மேடைக்கு ஓடுறான்.

பாயான்_லெப்பாஸ்_நெட்வொர்க்
ரெண்டு பேரும் மிக்சரைத் திட்டுறீங்க, குத்தம் அலைவரிசையில. எக்ஸ்ஆர் வரிசையில உள்ள இருக்கிற வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். அந்த அலையில ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணுதான்: 1, 6, 11. ஐந்நூறு பேர் ஆளுக்கொரு போனோட உள்ள வந்தா? மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி, அதுவும் சிக்னலைக் குடிச்சிடும். காலி ஹால்ல வேலை செஞ்சது நிறைஞ்ச ஹால்ல படுத்துக்கிறது இதனாலதான்.

எக்ஸ்ஆர்18-ல ஒரு சுவிட்ச் இருக்கு, அதை ஈத்தர்நெட் பக்கம் தள்ளுங்க. 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒண்ணை கேபிள்ல மாட்டி, ஸ்பீக்கர் ஸ்டாண்டு உயரத்துல தலைகளுக்கு மேல வைங்க. சேனலை "ஆட்டோ"ல விடாதீங்க, 36லிருந்து 48க்குள்ள ஒண்ணைக் கையால போடுங்க. 52லிருந்து 144 வரைக்கும் ரேடாரோட பங்கு போட்டுக்கிற அலை. ரேடார் தெரிஞ்சா ரவுட்டர் அந்த சேனலை விட்டு ஓடணும்னு விதி. அந்த வரிசையிலேயே வேற சேனலுக்குப் போனா குறைஞ்சது 60 விநாடி சும்மா கேட்டுட்டுத்தான் திரும்பப் பேசும். ஒரு பாட்டுல சரணம் முடிஞ்சிடும். விமான நிலையம் பக்கத்துல வாசிக்கிற நம்ம ஆளுங்களுக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் இல்ல.

கடைசியா, ஆண்ட்ராய்டு டேப்லட்ல "இன்டர்நெட் இல்லைன்னா மொபைல் டேட்டாவுக்கு மாறு"ங்கிறதை அணைச்சிடுங்க. மிக்சர் ரவுட்டர்ல இன்டர்நெட் இருக்காது, டேப்லட் உடனே மிக்சரை விட்டுட்டு ஓடிடும். ஹாலோட வைஃபையையும் மறக்கச் சொல்லுங்க.

ஆயர்_ஈத்தாம்_தபேலா
வாசிக்கிறவன் பக்கத்துலேர்ந்து ஒரு வார்த்தை. இத்தனை வருஷமா மேடையிலேர்ந்து "டக்கா சத்தம், டக்கா சத்தம்"னு (டக்கான்னா தபேலாவோட பெரிய, அடி சத்தம் தர்ற பக்கம்) கையாட்டி கையாட்டி வாசிச்சவன் நான். இப்ப போனைத் திறந்து என் மானிட்டர்ல எனக்கு வேண்டியதை நானே ஏத்திக்கிறேன். இதுக்காகவே டேப்லட் மிக்சருக்கு என் ஓட்டு.

பழைய_ஃபேடர்
ஆளாளுக்கு நாட்டாமை. நீங்க உங்களை ஏத்துவீங்க, கீபோர்டு அவரை ஏத்துவார், கடைசியில மேடைச் சத்தம் ஹால் சத்தத்தை முழுங்கிடும். அப்புறம் யாரோ ஒருத்தர் கை தவறி மெயினையே இழுப்பார்.

ஆயர்_ஈத்தாம்_தபேலா
அதுக்குப் பூட்டு இருக்குண்ணே. எங்க குழுவுல சவுண்ட்கிராஃப்ட் யுஐ24ஆர். ஆப்பே வேணாம், பிரவுசர்லயே திறக்கும். அவரவர் போனுக்கு ஒரே ஒரு ஆக்ஸ் மட்டும் தெரியற மாதிரி கட்டலாம். 20 மைக், உள்ள இருக்கிற வைஃபையே 2.4, 5 ரெண்டும். மானிட்டர் ஊளையைத் தானா அமுக்குற டிபிஎக்ஸ் வசதியும் இருக்கு. யூஎஸ்பி ஸ்டிக்லயே 22 டிராக் தனித்தனியா பதிவாகும். புதுசுன்னா கேட்டவரோட பட்ஜெட்டைத் தாண்டும்லா, பழசு கிடைச்சா பாருங்க.

செந்தூல்_சவுண்ட்
காசு ஏத்த முடிஞ்சா ஆலன் & ஹீத் சிக்யூ-18டி. 2023-ல வந்தது, பெட்டியிலேயே 7 அங்குலத் தொடுதிரை. டேப்லட் படுத்தாலும் ஓட்டலாம். ஃபேடர் அண்ணனுக்கும் பாதி மனசு ஆறும்.

பட்டர்வொர்த்_கீபோர்டு
ரெண்டுமே கைக்கு எட்டாது பாஸ். எக்ஸ்ஆர்18 அடங்குது. அதுக்கும் கீழ எக்ஸ்ஆர்16 இருக்கே, 8 மைக், 8 லைன். எங்க கணக்குக்குச் சரியா பொருந்துதே?

செந்தூல்_சவுண்ட்
சரியா பொருந்துறதுதான் வம்பு. எட்டு மைக்குக்கு எட்டு வாய், ஒண்ணு கெட்டா மாத்து இல்ல. திருவிழாவுல நாதஸ்வரம் சேர்ந்து வாசிச்சா எங்க சொருகுவீங்க? ஆக்ஸும் 4 தான், வீடியோக்காரர் மறுபடியும் தெருவுல. ஒரு நல்ல விஷயம், 16-ல யூஎஸ்பி ஸ்டிக் சொருகி நேரா ஸ்டீரியோவா பதிவு பண்ணலாம். 18-ல அது கிடையாது. அதுல கம்ப்யூட்டர் மாட்டினா 18 டிராக் தனித்தனியா எடுக்கலாம். எனக்கு 18 தான்.

பழைய_ஃபேடர்
திருவிழான்னதும் ஞாபகம் வருது. ஐபேட் 35 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்னு ஆப்பிளே சொல்லுது. மத்தியானம் ரெண்டு மணிக்கு பந்தலுக்கு வெளிய நின்னா வெயில்ல திரையும் தெரியாது, கொஞ்ச நேரத்துல தெர்மாமீட்டர் படம் காட்டிட்டு தூங்கிடும். அப்ப என்ன செய்வீங்க?

பாயான்_லெப்பாஸ்_நெட்வொர்க்
டேப்லட் தூங்கினா சத்தம் நிக்காது. மிக்ஸ் எல்லாம் பெட்டிக்குள்ளதான் ஓடுது, டேப்லட் வெறும் ரிமோட். விட்ட இடத்துலயே வாசிச்சுக்கிட்டு இருக்கும். இன்னொரு போன்ல அதே ஆப்பைப் போட்டு பாக்கெட்ல வச்சுக்கிட்டா தீர்ந்துது. ஃபேடர் இல்லாம கை அரிக்குதுன்னா எக்ஸ்-டச் பலகை இருக்கு, மோட்டார் வச்ச 9 ஃபேடர், நெட்வொர்க் கேபிள்லயே எக்ஸ்ஆரோட பேசும். இப்போ வேணாம், பின்னாடி காசு சேர்ந்தா வாங்கலாம்.

பழைய_ஃபேடர்
அந்தப் பலகையை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சரி, பெட்டி எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. யார் பிடிப்பா?

பட்டர்வொர்த்_கீபோர்டு
பாடகியோட தம்பி இருக்கான், காது நல்ல காது. வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். அவனை உட்கார வைக்கலாம்னு இருக்கேன்.

பழைய_ஃபேடர்
அப்போ வாங்குங்க. ஆனா முதல்ல அவனுக்கு ஆப்பைக் காட்டாதீங்க. ரிகர்சல்ல ஒவ்வொரு மைக்கா திறந்து, ஊளை வர்ற வரைக்கும் ஏத்தி, எந்த அலையில ஊளையிடுதுன்னு 31 பேண்ட் ஈக்யூல (சத்தத்தை 31 அலையா பிரிச்சு ஏத்தி இறக்குறது) அவனையே தேடச் சொல்லுங்க. பாடுற மைக்குக்கெல்லாம் 100 ஹெர்ட்ஸ் கிட்ட லோ கட் (அதுக்குக் கீழ இருக்கிற அடி சத்தத்தை வெட்டுறது) போடணும். டக்காவுக்கு அதைப் போட்டா தபேலாக்காரர் அடிக்க வருவார்.

ஆயர்_ஈத்தாம்_தபேலா
வருவேன்.

செந்தூல்_சவுண்ட்
மெயின் பக்கம் எது, மானிட்டர் பக்கம் எதுன்னு டேப்லட் கவர்ல மார்க்கர்ல எழுதி ஒட்டிக் குடுங்க. அப்புறம் கேஎல் வந்தா ஜாலான் பாசார் பக்கம் ஒரு நடை போங்க, ரேக் பெட்டியும் கேபிளும் அங்க தேடலாம். மிக்சர் மட்டும் வாரண்டியோட வாங்குங்க, பட்டர்வொர்த்துலேர்ந்து திரும்பத் தூக்கிட்டு வர முடியாது.

பட்டர்வொர்த்_கீபோர்டு
எக்ஸ்ஆர்18, தனி ரவுட்டர், தம்பி. மூணும் முடிவாச்சு. ரவுட்டரை ஸ்டாண்டுல கட்ட கேபிள் டை போதுமா, இல்ல கிளாம்ப் வேணுமா?

பாயான்_லெப்பாஸ்_நெட்வொர்க்
கிளாம்ப். டையை அறுக்க ராத்திரி ஒரு மணிக்கு கத்தி தேடிக்கிட்டு நிக்காதீங்க.