பெல்டியர் தகடு வைத்தும் பெட்டி சூடாகிறது, உதவி தேவை

செந்தூல்_பையன்:
வணக்கம். எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்துக் கேமராவை ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று பார்த்துக்கொள்கிறது. தகரக் கூரைக்கு அடியில், மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிறது. மத்தியானம் 80 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, படம் திக்கித் திக்கி வருகிறது. கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் 12706 பெல்டியர் (கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) ஒன்று வாங்கி, குளிர்ப் பக்கத்தை சிப் மேல் சூடு கடத்தும் பேஸ்ட் போட்டு வைத்தேன். மறுபக்கத்தில் சூட்டைக் காற்றில் விடும் சின்ன அலுமினிய ஹீட்சிங்க். 12 வோல்ட் கொடுத்ததும் சிறிது நேரம் ஜில்லென்று இருக்கிறது, அப்புறம் முன்பைவிட அதிகச் சூடு. தகடு போலியா?

பாயான்_லெப்பாஸ்_டெக்னீஷியன்:
தகடு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை தம்பி. ஆனாலும் பார்த்துவிடுங்கள்: இரண்டு கம்பியையும் மல்டிமீட்டரில் மில்லிவோல்ட்டுக்கு வைத்து, ஒரு பக்கத்தில் உள்ளங்கையை அழுத்துங்கள். எண் எழும்பினால் தகடு நன்றாக இருக்கிறது.

12706 என்ற பெயரில் 127 என்பது உள்ளே இருக்கும் பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைகடத்தித் துண்டுகளின் ஜோடிகள், 06 என்பது அதிகபட்ச ஆம்பியர். பெல்டியர் குளிரை உண்டாக்குவதில்லை. இந்தப் பக்கத்துச் சூட்டை அந்தப் பக்கம் கொட்டுகிறது, கொட்டுகிற கூலியையும் சூடாகவே சேர்த்து. 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் இழுத்தால் 48 வாட். ராஸ்பெர்ரி பை தரும் சூடு மிஞ்சிப்போனால் 6, 7 வாட். ஆக ஹீட்சிங்க் தலையில் 50 வாட்டுக்கு மேல். அது பெட்டிக்கு உள்ளேயா, வெளியேயா?

செந்தூல்_பையன்:
உள்ளேதான் அண்ணே.

பாயான்_லெப்பாஸ்_டெக்னீஷியன்:
அதான். ஐஸ் பெட்டியின் (ஃப்ரிட்ஜின்) மோட்டாரை ஐஸ் பெட்டிக்குள்ளேயே வைத்த கதை.

செந்தூல்_பையன்:
பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய கம்ப்யூட்டர் கூலரை வெளியே மாட்டிவிட்டேன். சூடு அடங்கியது. ஆனால் காலையில் திறந்தால் போர்டு மேல் நீர்த்துளி. மழைத் தண்ணீர் இல்லை, நிச்சயம்.

பினாங்கு_அக்கா:
காற்றில் இருந்த ஈரம்தான் தம்பி. நம் ஊரில் பனிநிலை பெரும்பாலும் 23, 24 டிகிரி. அதற்குக் கீழே எது குளிர்ந்தாலும் வியர்க்கும். ராத்திரி கேமராவுக்கு வேலை குறைவு, பெல்டியர் மட்டும் முழு மூச்சாக ஓடுகிறது. தெர்மோஸ்டாட் வைத்து அடிக்கடி அணைத்து ஏற்றவும் வேண்டாம்; விரிந்து சுருங்கி உள்ளே சால்டர் விரிசல் விடும்.

என்னைக் கேட்டால் கழற்றிவிடுங்கள். 6 வாட்டுக்கு நல்ல ஹீட்சிங்க்கும் 5 வோல்ட் விசிறியும் தாராளம். 33 டிகிரி காற்றே 80 டிகிரி சிப்புக்குக் குளிர்தானே? கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை, இரண்டிலும் கொசுவலை.

செந்தூல்_பையன்:
சரி அக்கா. ஒரே ஒரு ஆசை: அதே தகட்டை அந்தச் சூட்டிலேயே வைத்து மின்சாரம் எடுத்து விசிறியை ஓட்ட முடியாதா? வாயேஜர் விண்கலம் அப்படித்தானே ஓடுகிறது?

பாயான்_லெப்பாஸ்_டெக்னீஷியன்:
தத்துவம் ஒன்றுதான், சீபெக் விளைவு: இரு பக்கச் சூட்டு வித்தியாசத்திலிருந்து மின்சாரம். ஆனால் வாயேஜரில் சூடு தர புளூட்டோனியம் இருக்கிறது, சூட்டுப் பக்கம் ஏறக்குறைய 1000 டிகிரி. உங்கள் தகட்டின் இரு பக்கத்துக்கும் நடுவே 10 டிகிரி கிடைத்தால் பெரிது. டிகிரிக்கு ஏறக்குறைய 50 மில்லிவோல்ட் என்று வையுங்கள், அரை வோல்ட். உள் மின்தடை 2 ஓம் சொச்சம், எடுக்கக்கூடியது 30 மில்லிவாட். சின்ன விசிறிக்கே அரை வாட், ஒரு வாட் வேண்டும்.

செந்தூல்_பையன்:
கழற்றிவிட்டேன். விசிறியும் கொசுவலையும் போட்டாயிற்று, நேற்று மத்தியானம் 62. படம் திக்கவில்லை. நன்றி அண்ணே, அக்கா.

கிள்ளான்_வாசி:
இடையில் நுழைகிறேன். மிச்சமான தகட்டில் அம்மாவின் இன்சுலினுக்கு ஒரு பெட்டி செய்யலாமா?

பினாங்கு_அக்கா:
வேண்டாம். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். இந்த மாதிரி பெட்டி வெளிச்சூட்டைவிட 20 டிகிரி குறைத்தாலே நல்ல வேலை. நம் வெயிலில் 13 டிகிரியில் நின்றுவிடும். கரண்ட் போனால் சூடு அதே தகட்டு வழியாக உள்ளே திரும்பும். குளிர்பானம் வையுங்கள், மருந்தை ஐஸ் பெட்டியிலேயே விடுங்கள்.