ஓடுகிற பிள்ளையின் உடம்பில் எஞ்சும் சக்தி: சொல் தேவை

ஹட்டன், உடற்கல்வி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை பாடசாலைப் பயிற்றுநர்களுக்கு ஒரு பயிலரங்கு வைத்திருக்கிறோம். கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகவேண்டும். 'லோ எனர்ஜி அவைலபிலிட்டி' என்பதற்குத் தமிழில் என்ன போடுவது?

கணக்கு இதுதான். ஒரு நாளில் சாப்பிட்ட சக்தியிலிருந்து பயிற்சியில் செலவானதைக் கழித்து, மீதியைக் கொழுப்பு நீங்கிய உடற்றிணிவால் வகுக்க வேண்டும். கொழுப்பு நீங்கலாக 40 கிலோ உள்ள பிள்ளை 1,700 கிலோகலோரி சாப்பிட்டு, 700ஐ ஓட்டத்தில் செலவழித்தால் மீதி 1,000. கிலோவுக்கு 25. இதயம், எலும்பு, மூளை, மாதவிடாய் எல்லாமே அந்த மீதியில்தான் நடக்கவேண்டும். 45 அளவில் இருந்தால் நல்லது. 30க்குக் கீழே போனால் சில நாட்களிலேயே ஹோர்மோன்கள் தடுமாறுவதைப் பெண்களிடம் செய்த ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

என்னிடம் 3,000 மீட்டர் ஓடிய ஒரு பிள்ளை. "ரெண்டு கிலோ குறைச்சா மெடல்" என்று யாரோ ஒரு பயிற்றுநர் சொல்லிவிட்டார். இரவுச் சோற்றை விட்டாள். விடிய வெறுந்தேத்தண்ணியோடு ஓட வருவாள். ஐந்து மாதம் மாதவிடாய் வரவில்லை. கடும் பயிற்சி என்றால் அப்படித்தான் என்று நானும் இருந்துவிட்டேன். பிறகு கீழ்க்கால் எலும்பில் வெடிப்பு. அவளுக்கு என்ன நடந்தது என்று அவள் அம்மாவிடம் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

மகள், 'குறையாற்றல்' என்று போடுங்கள். சக்தி வடசொல். ஆற்றல் நம் சொல். ஆற்று என்ற வினைக்குச் செய்தல், பொறுத்தல், தணித்தல் எல்லாமே பொருள். 'ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல்' என்று குறள் சொல்லவில்லையா? உணவும் சக்தியும் ஒரே வேரில் நிற்கின்றன. இதைவிட்டு வேறெங்கே தேடுவது?

பதுளை, விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

ஐயா, நம் பாடநூலில் எனர்ஜி என்றால் சக்தி, பவர் என்றால் வலு. தமிழ்நாட்டில்தான் ஆற்றல், திறன். ஆறாம் ஆண்டிலிருந்து சக்தி என்று படித்த பிள்ளைக்கு 'குறையாற்றல்' என்றால் 'உனக்கு ஆற்றல் குறைவு' என்று அர்த்தம். மெடலுக்காகப் பட்டினி கிடந்தவளிடம் இதையா சொல்வது? அதோடு, காதால் கேட்டால் 'குறையாத ஆற்றல்' என்றும் விழுகிறது. 'சக்திப் பற்றாக்குறை' என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

கண்டியிலிருந்து:

குறையா என்பதோடு ஆற்றல் சேர்ந்தால் வகர உடம்படுமெய் வந்து 'குறையாவாற்றல்' ஆகும், தம்பி. குறை என்பதோடு சேர்ந்தால்தான் 'குறையாற்றல்'. இலக்கணத்தில் மயக்கமே இல்லை.

நுவரெலியா, தாதி உத்தியோகத்தர் எழுதியது:

இலக்கணத்தில் இல்லாவிட்டாலும் கிளினிக்கில் மயக்கம் வரும், ஐயா.

'பற்றாக்குறை'யும் சரிவராது. போதாத சக்தியோடு நாள் கடத்தும்போது உடம்பு தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. தைரொயிட் தணியும், மாதவிடாய் நிற்கும். அப்படிக் கடைசியில் வரவும் செலவும் சமனாகி, நிறை அப்படியே இருக்கலாம். தராசைப் பார்த்து "இவளுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும் பயிற்றுநருக்குப் 'பற்றாக்குறை' என்ற சொல் உதவாது.

இன்னொன்று. தேயிலைத் தோட்டத்தில் பற்றாக்குறை, மந்தபோசணை என்றால் ஏழ்மையைத்தான் கேட்பார்கள். 2016 சனத்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத் தாய்மார் தலைகுனிந்து போயிருக்கிறார்கள். இந்தப் பிரச்சினை சாப்பாடு நிறைந்த வீட்டிலும் வரும், பையன்களுக்கும் வரும். முன்பு பெண்களுக்கு மட்டும் உரியதாகப் பேசியதை 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ஆண்களுக்கும் விரித்தது அதனால்தான்.

கையேட்டில் 'அனொரெக்ஸியா' என்ற உண்ணல் நோய்க்குப் 'பசியின்மை' என்று பார்த்தேன். தயவுசெய்து மாற்றுங்கள், டீச்சர். பசி இருக்கிறது, அவள் அடக்குகிறாள். 'உண்ணல் ஒழுங்கீனம்' என்பதும் வேண்டாம், அது குற்றம் சாட்டுகிறது. உண்ணல் நோய் இல்லாமலே, நேரமில்லாமல், தெரியாமல், கையில் காசில்லாமல் சக்தி குறைந்துபோகிற பிள்ளைகளும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிடாதீர்கள்.

கண்டியிலிருந்து:

தாதி மகள் சொன்னதை ஏற்கிறேன். கழித்தபின் நிற்பது என்பதுதானே பொருள்? அப்படியானால் எஞ்சு. எஞ்சாற்றல். எஞ்சுதலுக்கு மிஞ்சுதலும் குறைதலும் பொருளாக உண்டு. ஒரே வினை இந்த நோயின் இரண்டு பக்கத்தையும் தாங்குகிறது. எச்சம் என்று பெயராக்கலாம், ஆனால் வகுப்பில் பறவை எச்சம் நினைவுக்கு வரும். உண்டபடியே இருந்தும் அடங்காத பசிக்கு மணிமேகலையில் யானைத்தீ என்று பெயர். காயசண்டிகைக்கு வந்தது. அடக்கமுடியாமல் அள்ளி உண்ணும் நோய்க்கு அதை எடுத்தால் என்ன?

நுவரெலியாவிலிருந்து:

காயசண்டிகைக்கு வந்தது சாபம், ஐயா. பதினாறு வயதுப் பிள்ளையின் கிளினிக் அட்டையில் அதை எழுத எனக்கு மனம் வராது.

பதுளையிலிருந்து:

'எஞ்சுசக்தி' என்றால் நான் சம்மதம். வினைத்தொகை, ஒற்று மிகாது. நம் பாடநூலோடும் ஒத்துப்போகும்.

ஹட்டன், புதன் இரவு:

நேரமில்லை. மூன்று பேர் 'எஞ்சுசக்தி' என்கிறோம், ஐயா மட்டும் மறுக்கிறார். 'எஞ்சுசக்திக் குறைவு' என்றே போடுகிறேன். உண்ணல் நோய்க்கு இப்போதைக்கு 'உண்ணல் கோளாறு'; அஜீரணம் என்று எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் கீழே நான்கு வரி விளக்கம்.

இன்று பின்னேரம் அந்தப் பிள்ளையின் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்தார். கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஒடம்பு முழுநாள் வேலை செஞ்சிருக்கு, நாம அரைப்பேருதான் போட்டிருக்கோம்" என்றார். அரைப்பேர் என்றால் தோட்டத்தில் அரைநாள் சம்பளம். அதையும் அப்படியே முதல் பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

கண்டியிலிருந்து:

அரைப்பேர் நல்ல சொல். எஞ்சுசக்தியை நான் ஏற்கவில்லை; எஞ்சாற்றலை அடைப்புக்குறியிலாவது போடுங்கள். பிள்ளை இப்போது நடக்கிறாளா?

ஹட்டனிலிருந்து:

நடக்கிறாள், ஐயா. ஓட இன்னும் விடவில்லை. பயிற்சிக்கு முன் ரொட்டி சாப்பிடவேண்டும் என்பதைத்தான் இப்போது அவளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் அடைப்புக்குறிக்கு இடமில்லை, கடைசிச் சொற்பட்டியலில் சேர்க்கிறேன்.